மரை கழன்ற வரலாறு

1860, ஜூலை 2. லண்டனை ஒட்டிய விம்பிள்டன். இன்று டென்னிஸ் பந்து பறக்கிற அதே ஊரில் அன்று தோட்டா பறந்தது. தேசிய ரைபிள் சங்கத்தின் முதல் போட்டியைத் தொடங்கி வைக்க விக்டோரியா மகாராணி வந்திருந்தார். முதல் குண்டை அவரே சுட வேண்டும் என்று ஏற்பாடு. ஆனால் மகாராணி புல்தரையில் குப்புறப் படுத்து, ஒற்றைக் கண்ணை மூடிக் குறிபார்ப்பதைப் பேரரசு தாங்குமா? அதனால் ரைபிளை ஓர் இரும்புத் தாங்கியில் இறுக்கிப் பொருத்தி, குறியையும் முன்கூட்டியே வைத்து, விசையில் ஒரு பட்டுக்கயிற்றைக் கட்டிக் கையில் கொடுத்தார்கள். அம்மையார் கயிற்றை இழுத்தார். 400 கஜம் தள்ளியிருந்த இலக்கின் நட்டநடுவிலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குள் குண்டு பாய்ந்தது. பெயர் கயிற்றை இழுத்தவருக்குப் போனது. வேலையைச் செய்தது அசையாத அந்தத் தாங்கி. இந்த அநியாயம் துப்பாக்கி வரலாறு நெடுகத் தொடரும், கவனித்துக்கொண்டே வாருங்கள்.

தாங்கியையும் ரைபிளையும் கொண்டுவந்தவர் ஜோசப் விட்வொர்த், மான்செஸ்டரில் இயந்திரம் செய்பவர். அவர் வருவதற்கு முன் இங்கிலாந்தில் பட்டறைக்கு ஒரு மரை. ஒரு பட்டறையின் நட்டு அடுத்த தெருப் பட்டறையின் போல்ட்டில் ஏறாது. 1841-இல் விட்வொர்த்தான் உட்கார்ந்து, மரையின் கோணம் 55 டிகிரி, இந்த விட்டத்துக்கு அங்குலத்துக்கு இத்தனை மரை என்று பட்டியல் போட்டு நாட்டையே ஒரு வழிக்குக் கொண்டுவந்தார். உலகத்துக்குத் திருகாணி முறுக்கச் சொல்லிக்கொடுத்த அந்த மனிதர் பிறகு ரைபிள் செய்யப் போனார். குழலுக்குள் வட்டத் துளைக்குப் பதிலாக அறுகோணத் துளை. 0.451 அங்குலக் குண்டு. ராணுவத்தின் கையில் அப்போதிருந்த என்ஃபீல்டு ரைபிளை அக்குவேறு ஆணிவேறாகத் தோற்கடித்தது. பிரிட்டிஷ் ராணுவம் விலையைக் கேட்டுவிட்டு, ரொம்ப நல்ல துப்பாக்கி என்று பாராட்டி, வாங்காமல் அனுப்பிவைத்தது.

வாங்கியவர்கள் அமெரிக்க உள்நாட்டுப் போரின் தெற்கத்திக்காரர்கள், அதுவும் முற்றுகையைத் தாண்டிக் கடத்திவந்து கொஞ்சம்தான். அவற்றில் சிலவற்றின் இடப்பக்கம் ஒரு பித்தளைக் குழாய் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுதான் ஸ்கோப். அதைச் செய்தவர் கர்னல் டேவிட் டேவிட்சன், ஸ்காட்லாந்துக்காரர், கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய் ராணுவத்தில் சம்பளம் வாங்கியவர். இந்தியாவில் இருந்தபோதே தொலைநோக்கியைத் துப்பாக்கியோடு சேர்த்துக் கட்டிப்பார்த்து, மானையும் மற்றதையும் சோதனைக்கு உட்படுத்தியவர். மான்களின் கருத்தை யாரும் பதிவு செய்யவில்லை.

டேவிட்சனின் குழாயில் தூரத்து ஆள் பக்கத்தில் தெரிந்தான். அது வரை சரி. ஆனால் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் கண்ணைக் குழாயோடு ஒட்டி வைக்க வேண்டும். விட்வொர்த்தோ நல்ல உதை உதைக்கிற துப்பாக்கி. சண்டை முடிந்து முகாமுக்குத் திரும்பினால், குறிசுடும் படையினர் யார் யார் என்று கேட்கவே வேண்டாமாம். ஒரு கண் கறுத்து வீங்கியிருப்பவர்கள்தான். அந்த வீரர்களே பிற்காலத்தில் சொன்னது இது. எதிரியைச் சுடுவதற்கு முன் சொந்த ஆளின் கண்ணில் குத்திய முதல் ராணுவக் கருவி என்ற பெருமையை அதற்குத் தரலாம்.

வடக்கத்தி ஜெனரல் ஜான் செட்ஜ்விக் கதையையும் இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். 1864, மே 9, ஸ்பாட்சில்வேனியா. தூரத்திலிருந்து குண்டு வருகிறது, படை ஒதுங்குகிறது. இந்தத் தொலைவில் அவர்களால் ஒரு யானையைக்கூட அடிக்க முடியாது என்று ஜெனரல் கிண்டலடித்தார். சற்று நேரத்தில் இடக்கண்ணுக்குக் கீழே குண்டு பாய்ந்து செத்தார். சுட்டது விட்வொர்த் என்பதுதான் பெரும்பாலோர் முடிவு. ஸ்கோப் இருந்ததா இல்லையா என்பது அவருக்குப் பிரச்சினையாக இருந்திருக்காது.

சரி, கண்ணைக் குத்துவதோடு இந்தக் குழாய் நிற்கவில்லை, சுடச் சுட இருந்த இடத்தை விட்டு நகரவும் செய்யும். ஏன் நகர்கிறது? நியூட்டன் 1687-இலேயே காரணத்தை எழுதி வைத்துவிட்டார். யாரும் படிக்கவில்லை. தோட்டா முன்னால் போகிறது, துப்பாக்கி பின்னால் பாய்கிறது. மேலே உட்கார்ந்திருக்கும் ஸ்கோப்புக்கு எங்கேயும் போக இஷ்டமில்லை, இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. துப்பாக்கி அதன் அடியிலிருந்து நழுவிப் பின்னால் போகிறது. நம் கண்ணுக்கு ஸ்கோப் முன்னால் ஊர்ந்ததாகத் தெரிகிறது. கணக்குப் போட்டால் வயிறு கலங்கும். ஒரு சாதாரண வேட்டை ரைபிள் ஏறக்குறைய ஒரு மில்லிநொடிக்குள் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தை எட்டுகிறது என்று வையுங்கள். புவியீர்ப்பைப் போல 300 மடங்கு. அரைக்கிலோ ஸ்கோப் அந்தக் கணத்தில் 150 கிலோ ஆசாமியாகிவிடுகிறது. அவரைப் பிடித்து நிறுத்துவது இரண்டு வளையங்களும் சில பொடித் திருகாணிகளும்.

நகர்ந்தால் என்ன, கொஞ்சம்தானே என்பீர்கள். இரண்டு வளையங்களுக்கும் நடுவே 100 மில்லிமீட்டர் இடைவெளி என்றால், ஒரு முனை 0.1 மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகினால் போதும். 100 மீட்டரில் குண்டு 10 சென்டிமீட்டர் தள்ளி விழும். 500 மீட்டரில் அரை மீட்டர். ஒரு காகிதத்தின் தடிமன் அளவு கோளாறில் எதிரி உயிர் பிழைத்து, பேரன் பேத்தி எடுத்து, சுயசரிதை எழுதிவிடுவான்.

முதல் உலகப்போர் வந்தபோது இந்தப் பாடத்தை ஜெர்மானியர் படித்திருந்தார்கள். அங்கே காட்டுக்கு வேட்டைக்குப் போகும் பிரபுக்கள் ஏற்கெனவே ஸ்கோப் மாட்டியிருந்தார்கள். ராட்டிபோர் கோமகன் ஊரில் உள்ள வேட்டைக்காரர்களிடமெல்லாம் ஸ்கோப் ரைபிளைத் தானமாகக் கேட்டு வாங்கி முன்னணிக்கு அனுப்பினார். ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் பாகம்தான் மவுண்ட். ஜெர்மன் மவுண்ட்டில் ஸ்கோப்பின் அடியில் கொக்கிக் கால்கள் இருக்கும். துப்பாக்கி மேலுள்ள குழிகளில் அவை டக்கென்று உட்காரும். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு துப்பாக்கிக்கென்றே ஒரு கைவினைஞர் அரம் போட்டுத் தேய்த்துப் பொருத்த வேண்டும். அருமையாக நின்றது. ஆனால் அந்தக் கைவினைஞரையும் போருக்கு அனுப்பிவிட்டால் அடுத்ததை யார் தேய்ப்பது என்று பெர்லின் யோசித்ததாகத் தெரியவில்லை.

எதிர்ப்பக்கம் பிரிட்டிஷார். ஆல்டிஸ் கம்பெனி ஸ்கோப், பெரிஸ்கோபிக் பிரிசம் கம்பெனி ஸ்கோப் எல்லாம் வாங்கினார்கள். எங்கே மாட்டினார்கள்? துப்பாக்கியின் மேல் அல்ல, இடப்பக்கம். மேலே மாட்டினால் ஐந்தைந்தாகத் தோட்டாக்களைக் கிளிப்போடு திணிக்க முடியாதே! ஒளிந்திருந்து ஒரு குண்டு, மிஞ்சிப்போனால் இரண்டு குண்டு சுடப்போகிற ஆளுக்கு அவசரமாகப் பத்துத் தோட்டா நிரப்பும் வசதியைச் செய்து கொடுத்தது அலுவலகம். விளைவு: பதுங்குகுழியின் இரும்புத் தகட்டில் சுடுவதற்கென்று வெட்டிய சின்ன ஓட்டை வழியாகக் குழலை நீட்டினால், பக்கத்தில் துருத்திய ஸ்கோப்புக்குத் தகட்டைத் தவிர வேறெதுவும் தெரியாது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் சூரியன் மறையாமல் இருந்திருக்கலாம், எதிரி மறைந்துவிட்டான்.

இந்தக் கூத்தைக் கண்டு தலையிலடித்துக் கொண்டவர் மேஜர் ஹெஸ்கத் பிரிச்சர்ட். ஆறடிக்கு மேல் உயரம், ஹாம்ப்ஷயர் அணிக்கு வேகப்பந்து வீசியவர். 1900-இல் ஒரு பத்திரிகை செலவில் படகோனியாவுக்குப் போய், அழிந்துபோன ராட்சத ஸ்லாத் ஒன்று உயிரோடு இருக்கிறதா என்று தேடிவிட்டு, இல்லை என்ற செய்தியோடு திரும்பியவர். இல்லாததைத் தேடிய அனுபவம் ராணுவத்தில் ரொம்ப உதவியது. போர்முனையில் நிருபர்களை அழைத்துப் போகும் வேலையைக் கொடுத்திருந்தார்கள். போகிற இடத்திலெல்லாம் அவர் ஸ்கோப் ரைபிள்களைப் பார்த்தார். யாருக்கும் பயன்படுத்தத் தெரியவில்லை. குறி சரிபார்க்கப்படவே இல்லை. மழை, சேறு, பெட்டியில் உருட்டல், யாரோ ஒருவர் ஆர்வக்கோளாறில் திருகிப்பார்த்த திருகாணி எனப் பல கைகள் பட்டிருந்தன. தவறினால் காற்றைத் திட்டினார்கள், கண்ணாடியைத் திட்டினார்கள், ஜெர்மானியனின் அதிர்ஷ்டத்தைத் திட்டினார்கள். மவுண்ட்டை யாரும் ஆட்டிப் பார்க்கவில்லை.

பிரிச்சர்ட் சொந்தக் காசிலும் நண்பர்கள் காசிலும் ஸ்கோப்புகளைச் சேர்த்தார். ஜெர்மானியரின் இரும்புத் தகட்டைத் துளைக்க யானை வேட்டைத் துப்பாக்கிகளை இரவல் வாங்கினார். செட்ஜ்விக் ஜெனரலின் யானைக்கு ஐம்பது ஆண்டு கழித்து ஆள் வந்துவிட்டது. 1916-இல் லிங்கெம் என்ற ஊரில் அவர் நடத்திய ஸ்னைப்பர் பள்ளியில் முதலில் கற்றுக்கொடுத்தது வீரத்தை அல்ல, கருவியைச் சரியாக வைத்துக்கொள்வதை. அவர் எழுதிய புத்தகம் 1920-இல் வந்தது. படித்தால் அதில் பாதிக் கோபம் எதிரிமேல் இல்லை என்பது புரியும்.

கனடாக்காரர்கள் கதைதான் எனக்கு மிகப் பிடித்தது. அவர்கள் கையில் ராஸ் ரைபிள். சேறு பட்டால் சத்தியாகிரகம் செய்யும். அதன் இடப்பக்கம் அமெரிக்காவின் வார்னர் அண்ட் ஸ்வேசி நிறுவன ஸ்கோப். சாதாரண நிறுவனமல்ல, லிக் வானாய்வகத்தின் 36 அங்குலத் தொலைநோக்கிக்குத் தாங்கி செய்தவர்கள். பல டன் கருவியை ஒரு விரலால் நட்சத்திரத்தை நோக்கித் திருப்பும்படி நிறுத்தத் தெரிந்தவர்களுக்கு, ஒரு கிலோ ஸ்கோப்பை ரைபிளில் ஆடாமல் நிறுத்தத் தெரியவில்லை. வானாய்வகம் உதைக்காது என்பதுதான் வித்தியாசம்.

அந்த ஸ்கோப்பில் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒன்றரை அங்குலம்தான். முகத்தைக் காக்க ரப்பர் கிண்ணம் ஒன்று வைத்தார்கள். சுட்டதும் அது கண்ணைச் சுற்றி உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். எதிரி செத்தானா என்று பார்ப்பதற்கு முன் தன் கண்ணைப் பிய்த்தெடுக்க வேண்டும். பிறகு ரப்பரில் ஓட்டை போட்டுக் காற்றுக்கு வழிவிட்டார்கள். ஆனால் மவுண்ட்? நாலைந்து குண்டு சுட்டால், அது உட்காரும் தண்டவாளத்தில் லொடலொட. இண்டியானாவிலிருந்து வந்து கனடா படையில் சேர்ந்த ஹெர்பர்ட் மெக்பிரைட் இதற்கு வைத்தியம் சொல்லியிருக்கிறார்: பழைய சவர பிளேடை உடைத்து இடுக்கில் ஆப்பாகச் செருகு, உப்புத் தண்ணீர் விட்டுத் துருப்பிடிக்க வை. அவ்வளவுதான். துப்பாக்கியில் துருவைக் கண்டால் சிப்பாயைத் தண்டிக்கிற ராணுவத்தில், அந்தத் துருதான் உயிர் காத்தது. வானியல் நிறுவனத்தின் பொறியாளர்கள் தோற்ற இடத்தில் நாவிதர் கடைக் குப்பை ஜெயித்தது.

இரண்டாம் உலகப்போர் வந்தது, யாரும் திருந்தியிருக்கவில்லை. ஜெர்மானியர் குறுகிய பக்கத் தண்டவாளம் ஒன்றை மூன்று திருகாணிகளும் இரண்டு ஊசிகளும் போட்டு ரைபிளில் பொருத்தினார்கள். உதையில் திருகாணி கழன்றது. ஆராய்ச்சி நடந்தது. அந்தத் திருகாணிகள் கழலாமல் பிடிக்க இன்னும் சில குட்டித் திருகாணிகள் போட்டார்கள். காவலாளிக்குக் காவலாளி. இன்னொரு பக்கம், ஒன்றரை மடங்கே பெரிதாக்கும் ஒரு ஸ்கோப்பைப் பின்குறி இருக்கும் இடத்தில் மாட்டி ஆயிரக்கணக்கில் வழங்கினார்கள். அது கழன்று விழுந்தாலும் பெரிய இழப்பில்லை.

பிரிட்டிஷார் இம்முறை வேலையை ஹாலண்ட் அண்ட் ஹாலண்டிடம் கொடுத்தார்கள். நம் மகாராஜாக்களுக்குப் புலி சுடத் துப்பாக்கி செய்து கொடுத்த அதே லண்டன் கடை. பிரென் இயந்திரத் துப்பாக்கிக்காக வடிவமைத்து வேலைக்கு ஆகாமல் போன எண் 32 ஸ்கோப்பை எடுத்து, நம்பர் 4 ரைபிளில் இரும்புப் பட்டைகளைப் பற்றவைத்து, திருகாணி முறுக்கி, திருகாணித் தலையை உளியால் குத்தி நசுக்கிவிட்டார்கள். இனிக் கழற்ற வேண்டுமானால் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். பிறகு ரைபிளின் எண்ணை ஸ்கோப்பின் மவுண்ட்டிலும், ஸ்கோப்பின் எண்ணை ரைபிளிலும் பொறித்தார்கள். ஜாதகப் பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்த ஜோடி. மாற்றிக் கட்டினால் குண்டு வீட்டுக்கு வராது. அப்படியும் முன்பட்டை சில சமயம் தளர்ந்தது. பொருத்தம் பார்த்த ஜோசியரைக் குற்றம் சொல்வதற்கில்லை.

இவ்வளவு அமளிக்கு நடுவே பின்லாந்தில் ஒரு விவசாயி. சிமோ ஹைஹா. 1939-40 குளிர்காலப் போரில் சுமார் நூறு நாளில் ஐந்நூறுக்கு மேற்பட்ட சோவியத் வீரர்களைச் சுட்டதாகக் கணக்கு. ஸ்கோப் கிடையாது. ஸ்கோப் வைத்தால் தலையை உயர்த்த வேண்டும், பனியில் கண்ணாடி மங்கும், வெயிலில் மின்னிக் காட்டிக்கொடுக்கும் என்று இரும்புக் குறியோடே இருந்துவிட்டார். ஸ்கோப் நழுவாமல் மாட்டுவதற்கு மிக உறுதியான வழி மாட்டாமல் இருப்பதே என்று வாழ்ந்து காட்டியவர் அவர் ஒருவர்தான். நம் பக்கத்தில் சேலம், தருமபுரிக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்த கென்னத் ஆண்டர்சன்கூடத் தன் .405 வின்செஸ்டரில் ஸ்கோப்பை மாட்டவில்லை, டார்ச் லைட்டை மாட்டினார். புலி நடு ராத்திரியில் பத்தடியில் வரும்போது பெரிதாக்கிப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் வராது.

அமெரிக்க மரைன் படையோ வேறு ரகம். எதிர்த்துப் போராடி என்ன கண்டோம், நகர்ந்தால் நகரட்டும் என்று முடிவெடுத்துவிட்டார்கள். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் கடை வைத்த ஜான் யுனர்ட்டலின் 8 மடங்கு ஸ்கோப், இரண்டடி நீளம். அதை மவுண்ட்டில் வழுக்கிப் போகும்படியே மாட்டினார்கள். சுட்டால் துப்பாக்கி பின்னால் வரும், ஸ்கோப் சர்ரென்று முன்னால் போகும். உதை கண்ணாடிக்கு ஏறாது, திருகாணிக்கும் வேலை இல்லை. அடுத்த குண்டுக்கு முன் கையால் பிடித்துப் பின்னால் இழுத்துவிட வேண்டும், அவ்வளவே. தானாகத் திரும்பி வர ஸ்பிரிங் வைக்கும் வழக்கமும் இருந்தது. பசிபிக் தீவுகளின் மணலில் அது எவ்வளவு நாள் உழைக்கும்? ஜப்பான்காரன் சுட்டுக்கொண்டிருக்கும்போது ஸ்கோப்பை இழுத்துக் கொண்டிருப்பது கொஞ்சம் கூச்சமான விஷயம்தான். ஆனால் இந்த வழிதான் மற்ற எல்லாவற்றையும்விடப் புத்திசாலித்தனமானது என்பேன். நகரும் பொருள் எந்த இடத்தில் வந்து நிற்கும் என்பது துல்லியமாக இருந்தால் போதும் என்று புரிந்துகொண்டவர்கள் அவர்கள்.

அதே யுனர்ட்டல் ஸ்கோப்பை 1967-இல் வியட்நாமில் கார்லோஸ் ஹாத்காக் ஒரு கனரக பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கியின் மேல் மாட்டினார். அதற்கான மவுண்ட்டைக் களத்திலேயே செய்து வாங்கிக்கொண்டார். 2,286 மீட்டரில் ஒரு ஆளை வீழ்த்தினார். 2002 வரை, 35 ஆண்டுகள், அந்தச் சாதனையை யாரும் தாண்டவில்லை. சுட்டவருக்குப் புகழ். மவுண்ட் செய்த வெல்டர் யார்? விம்பிள்டன் நியாயம்தான்.

சிவிலியன் உலகத்துக்கு வருவோம். 1930-இல் பில் வீவர் என்ற இளைஞர் மவுண்டோடு சேர்த்து 19 டாலருக்கு ஸ்கோப் விற்று, பிரபுக்களின் பொம்மையைப் பாமரனுக்குக் கொண்டுவந்தார். அதோடு பாமரனுக்குப் பிரபுக்களின் தலைவலியும் வந்தது. அமெரிக்கத் துப்பாக்கி ஆசாரிகள் தேர்ந்தெடுத்த திருகாணி ஆறாம் எண், அங்குலத்துக்கு 48 மரை. விட்டம் 3.5 மில்லிமீட்டர். 150 கிலோ ஆசாமியைக் கட்டிப்போட இதுதான் கயிறு. அதிலும் ஒருவர் எண்ணெய் போட்ட துணியால் துடைத்துவிட்டு முறுக்குவார். எண்ணெய்ப் பசைமேல் வளையம் எப்படி நிற்கும்? இன்னொருவர் முழு பலத்தோடு முறுக்கித் தலையைத் திருகி எடுத்துவிட்டு, ஸ்கோப் குழாயையும் நசுக்கிவிடுவார். குங்கிலியப் பொடி தூவினார்கள், தாள் வைத்தார்கள், நாடா சுற்றினார்கள்.

1953-இல் ஹார்ட்ஃபோர்டின் டிரினிட்டி கல்லூரி வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள், காற்றுப்பட்டால் திரவமாகவே இருந்து, இரும்புக்கு நடுவே காற்றில்லாமல் அடைபட்டால் கெட்டியாகிற ஒரு பசையைக் கொடுத்தார். அதுதான் லாக்டைட். மெக்பிரைட்டின் உப்புத் தண்ணீர் கோட்டு சூட்டு போட்டு வந்த மாதிரி. இத்தனை ஆண்டு ராணுவ அனுபவம் செய்யாததை ஒரு சொட்டு நீலப் பசை செய்தது என்று விற்பவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. பசை திருகாணி சுழலாமல் பிடிக்கும். வளையம் தண்டவாளத்தில் சறுக்குவதை அது என்ன செய்யும்?

அதற்கான மருந்து 1995, பிப்ரவரி 3-இல் அதிகாரபூர்வமானது. நியூஜெர்சியின் பிகாட்டினி ஆயுதசாலை ஒரு தரநிலை வெளியிட்டது. தண்டவாளத்தின் குறுக்கே 0.206 அங்குல அகலத்தில் வரிசையாகப் பள்ளங்கள். மவுண்ட்டின் குறுக்குப் போல்ட் பள்ளத்துக்குள் உட்காரும். உதைக்கும்போது பள்ளத்தின் சுவரில் முட்டி நிற்கும். அவ்வளவுதான் விஷயம். உராய்வை நம்பாதே, ஒரு தடுப்புச் சுவர் கட்டு. விட்வொர்த் ரைபிளிலிருந்து கணக்கெடுத்தால் நூற்று முப்பது ஆண்டுக்கு மேல். இதற்குள் மனிதன் நிலாவில் ஆறு முறை இறங்கித் திரும்பிவிட்டான்.

பள்ளம் வந்த பிறகும் ஜனம் ஜெயித்துவிடவில்லை. போல்ட்டைப் பள்ளத்தின் நடுவில் விட்டு முறுக்குகிறார்கள். முதல் குண்டில் மவுண்ட் கால் மில்லிமீட்டர் ஓடிப்போய்ச் சுவரில் முட்டுகிறது, குறி போச்சு. பிறகு கண்ணாடியைத் திட்டுகிறார்கள்.

மெரினாவில் பலூன் சுடும் ரகத்து ஸ்பிரிங் ஏர் ரைபிள் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அது இரண்டு முறை உதைக்கும். ஸ்பிரிங் விரியும்போது பின்னால். பிஸ்டன் முட்டி நிற்கும்போது, இன்னும் பலமாக, முன்னால். அதனால் அதில் ஸ்கோப் ஊர்கிற திசையே வேறு, உங்கள் கண்ணை நோக்கி வரும். பெரிய மிருகத்தைச் சுடும் ரைபிளில் பல ஆண்டு நின்ற ஸ்கோப் ஒரு ஏர் ரைபிளில் சில நாளில் உடைவதும் இதனால்தான்.

ஆகவே வெடிமருந்து ரைபிள் என்றால் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, மவுண்ட்டை முன்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, குறிப்பிட்ட அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். ஸ்பிரிங் ஏர் ரைபிள் என்றால் மவுண்ட்டின் தடுப்பு ஊசியை அதற்கான குழியில் இறக்கி, பின்பக்கம் தள்ளி முறுக்குங்கள். மாற்றிச் செய்துவிட்டு ஸ்கோப் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.